குளிர் சாத்தமுதும் என் கையிலிருந்த ஸ்பூனும்

எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டில் என்ன சமையல் என்று நான் யாரையும் கேட்டதில்லை. கேட்பது அநாகரிகம். மோப்பம் பிடிக்க மூக்கு இருக்கிறது, மிக்ஸிச் சத்தம் கேட்கக் காது இருக்கிறது, வாசற்கதவில் லென்ஸ் இருக்கிறது. திருப்பதிக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மூன்றும் என்னைக் கைவிட்டதில்லை. முதல் மாடியில் புளியோதரைக்கு மிளகாய் வறுத்தால் இரண்டாம் மாடியில் எனக்குத் தும்மல் வரும். அந்தத் தும்மல் அடங்குவதற்குள் அவர்கள் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரிந்துவிடும்.

போன மே மாதம், எதிர் வீட்டுக் கௌஸ்துபின் கல்யாணப் பேச்சில், மூன்றும் ஒரே நாளில் உபயோகமில்லாமல் போயின. வாசனை வராத, சத்தம் கேட்காத, அடுப்பே பற்றவைக்காத ஒரு விருந்துக்கு அவர்கள் வீட்டில் ஏற்பாடு நடந்தது. இப்படியொரு அவமானம் எனக்கு நேர்ந்தால் நான் என்ன செய்வேன்? செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

எதிர் வீட்டுக்காரர் சம்பத்குமார் ஸ்வாமி. கோயிலில் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் இருப்பவர். அவர் வீட்டு ஆசாரத்தை ஒரு தராசில் வைத்தால் மறு தட்டில் எங்கள் கட்டடம் முழுவதையும் வைக்க வேண்டும். அவர் மனைவி வேங்கடலக்ஷ்மி மாமியின் கைமணத்தை நான் லென்ஸ் வழியாகவே சாப்பிட்டிருக்கிறேன். ஒரே பிள்ளை கௌஸ்துப். வயது முப்பத்தொன்று. பெங்களூரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறான். இதுவரை ஏழு ஜாதகம் பொருந்தி, ஏழும் கைநழுவிப் போயின. ஏழாவது பெண் வந்தபோது, "ஆத்துல ஃபேன் துடைக்கிறது யாரு?" என்று கேட்டாள். இவன், "ஃபேனைத் துடைக்கணுமா?" என்று திருப்பிக் கேட்டான். அவ்வளவுதான்.

எட்டாவது வரன் சித்தூர் ஸ்ரீப்ரியா. கல்லூரியில் பிசிக்ஸ் சொல்லிக்கொடுப்பவள். ஒரு மாதமாக இரண்டு பேரும் ஃபோனில் பேசினார்கள். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காததால் கௌஸ்துப் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் வராந்தாவில் நின்றுதான் பேசுவான். எனக்கு அந்த நேரத்தில்தான் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய வேண்டியிருக்கும். முகம் தெரியாத ஃபோனுக்கே அவன் தலைவாரிக்கொண்டு வருவான் என்றால், பையன் விழுந்துவிட்டான் என்றுதானே அர்த்தம்?

ஆனால் அந்தப் பெண் ஒரு நிபந்தனை வைத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நான் என்ன செய்ய?

"ஞாயித்துக்கிழமை நாங்க வரச்சே உங்க கையால ஏதாவது ஒண்ணு பண்ணி வையுங்கோ. ஒண்ணே ஒண்ணு போறும். ஆனா நீங்களேதான் பண்ணணும். போன வரன்ல குண்டூர்ப் பையன் அக்காரவடிசல் பண்ணினேன்னு கொண்டுவந்து வெச்சான். தேவாமிர்தம். பால் எத்தனை படின்னு கேட்டேன். திரும்பி அம்மாவைப் பார்த்தான். அந்த மாதிரின்னா வேண்டாம், இப்பவே சொல்லிடுங்கோ."

"நானே பண்றேன்" என்றான் கௌஸ்துப். அவனுக்குத் தெரிந்த சமையல் வெந்நீர் ஒன்றுதான். அதுவும் கெட்டில் இருந்தால்.

இது போதாதென்று பெண்ணின் அப்பாவுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாத எதையும், அதாவது படைக்காத எதையும், அவர் வாயில் வைக்கமாட்டார். ஆகவே பையன் செய்வது பெண்ணுக்கும் பிடிக்க வேண்டும், பெருமாளுக்கும் ஆக வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் எட்டாவது ஜாதகமும் சித்தூர் பஸ் ஏறிவிடும்.

புதன்கிழமை சாயங்காலம் கௌஸ்துப் முகமெல்லாம் பல்லாக வராந்தாவுக்கு வந்தான்.

"ஆன்ட்டி, கிடைச்சுடுத்து. அடுப்பே வேண்டாம். ஸ்பெயின் தேசத்துல வெய்யில் காலத்துக்குப் பண்றா. காய், பழம் எல்லாத்தையும் பச்சையா மசிச்சு, ஜில்லுனு வெச்சா சூப்பு."

"சூப்புன்னா சூடாத்தான தம்பி இருக்கும்? ஜில்லுன்னு இருந்தா அதும் பேரு ஜூஸு."

"ஜூஸை கிளாஸ்ல குடிப்பா. இதை ஸ்பூன்ல சாப்பிடணும்."

எனக்கு வித்தியாசம் புரிந்துவிட்டது. ஒரு ஸ்பூன்.

வெளியே ரோகிணி கார்த்தி, அதாவது ஆந்திராவின் கத்திரி வெயில். அலிபிரி பக்கம் பாறையெல்லாம் வெடிக்கிற மாதிரி காய்ந்துகொண்டிருந்தது. இந்த வெயிலில் அடுப்பில்லாத சமையல் என்றால் எனக்கே ஆசை வந்தது. ஆனால் எதிர் வீட்டில் எந்தச் சமையலும் முதலில் சம்பத்குமார் ஸ்வாமியின் சிவப்புப் பேனாவைத் தாண்டியாக வேண்டும்.

வியாழக்கிழமை காலை, உகாதிக்கு வாங்கிய ஜல்லிக்கரண்டியைத் திருப்பிக் கொடுக்க நான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அது எப்போது திருப்பிக் கொடுத்தால் பிரயோஜனப்படும் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். உள்ளே ஸ்வாமி பையன் எழுதிய பட்டியலைக் கையில் வைத்திருந்தார்.

"வெங்காயம், பூண்டு. உன்னைத் திட்டி நாக்கைக் கெடுத்துக்க வேண்டாம்னு பேசாம அடிச்சுட்டேன். இது என்னடா, தக்காளி?"

"சாத்தமுதுல போடறதுதானேப்பா?"

"நம்மாத்துல தக்காளியா? முப்பத்தொரு வருஷமா நீ எந்தச் சாத்தமுதைடா சாப்பிட்டுண்டிருந்தே?"

சாத்தமுது என்றால் அவர்கள் பாஷையில் ரசம். மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

"குடமிளகாய். உள்ளே ஒண்ணுமே இல்லாத காயைப் பெருமாளுக்கு எப்படிடா காட்டறது? ரொட்டி, யாரோ சுட்டது. ஆலிவ் எண்ணெய், யாரோ ஆட்டினது. தர்ப்பூசணி..."

"அதுல என்னப்பா தப்பு?"

"சிவப்பா இருக்கு."

"சிவப்பா இருந்தா?"

"எனக்குப் பிடிக்கல." பேனா ஒரு கோடு இழுத்தது. "டேபிள் சால்ட். ஆலையில என்னத்தையெல்லாமோ கலக்கறான். வேண்டாம். அதுக்குப் பதிலா..." என்று அதையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தபோது கோயிலிலிருந்து ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனவர், திரும்பி வரும்போது வேறு கவலையோடு வந்தார்.

ஒன்பது சாமானில் எட்டு போய், மிஞ்சியது வெள்ளரிக்காய். வெறும் வெள்ளரிக்காயைக் கொடுத்துப் பெண்ணைக் கேட்க முடியாதல்லவா? மாமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. பட்டியலின் அடியில் பென்சிலால் எழுதினார்: முலாம்பழம், ஒட்டு மாங்காய், இஞ்சி, மிளகு, கொத்துமல்லி, தேங்காய்ப்பால்.

"இதோட நான் விலகிண்டேன். இனிமே கரண்டியைக்கூடத் தொடமாட்டேன். உன் பாடு, அந்தக் குளிர் சாத்தமுது பாடு" என்றார். அன்றிலிருந்து அதற்கு அதுவே பெயர்.

கௌஸ்துப் அந்தக் காகிதத்தை ஃபோட்டோ பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, பிரிண்ட் எடுத்து, சமையலறைச் சுவரில் ஒட்டினான். கம்பெனியில் அப்படித்தான் வேலை செய்வானாம். பட்டியலில் இருப்பதை ஒன்றுவிடாமல் செய்வது, இல்லாததை ஒருநாளும் செய்யாமலிருப்பது.

காய் பழத்துக்கு நான் பொறுப்பேற்றுக்கொண்டேன். வரதய்யபாளையத்தில் என் அண்ணன் கன்னையாவின் தோட்டத்திலிருந்து சனிக்கிழமை பஸ்ஸில் ஒரு மூட்டை வெள்ளரி, நாலு முலாம்பழம், ஒரு கூடை மாங்காய் வந்து இறங்கின. எங்கள் வீட்டுக்காரர் சின்னசாமி பஸ் ஸ்டாண்டிலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போட்டார்.

"அவுங்க பையன் கல்யாணத்துக்கு என் முதுவு ஒடையணுமா?"

"நம்ம வெள்ளரிக்கா போவுது. நாளைக்கு இன்னா ஆச்சின்னு கேக்க ஒரு உரிமை வேணாமா?" என்றேன்.

இனி குளிர வைக்கும் பிரச்சினை. அதுதான் பெரியது. வெள்ளிக்கிழமையே அதைப் பற்றி வராந்தாவில் ஒரு மாநாடு நடந்திருந்தது.

"நம்ம ஃப்ரிட்ஜுல வெக்கப்படாது" என்றார் ஸ்வாமி. "சாதம் இருந்த ஃப்ரிட்ஜு. பத்து."

பத்து என்றால் சமைத்த சோறு பட்ட தீட்டு. அது பட்ட இடத்தில் பெருமாளுக்கு உள்ளதை வைக்க மாட்டார்கள்.

"அலம்பிடறேம்பா."

"பதினாலு வருஷத்துப் பத்துடா. எதைப் போட்டு அலம்புவே?"

மரியாதைக்காக நான், "எங்க ஃப்ரிட்ஜு வேணும்னா..." என்று ஆரம்பித்தேன். உள்ளே அரை டஜன் முட்டையும் நேற்றைய மீன் குழம்பும் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். ஸ்வாமிக்கு அதெல்லாம் தெரியாது. ஆனாலும் தெரிந்த மாதிரி இரண்டு அடி பின்னால் போனார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை உதித்தது. தரைத்தளத்தில் பவன்குமாரும் அவன் மனைவி சுஷ்மிதாவும் புதிதாக வீடு வாங்கியிருந்தார்கள். அடுத்த புதன்கிழமை கிருகப்பிரவேசம். ஃப்ரிட்ஜ் மட்டும் முன்கூட்டியே வந்து ஹாலில் நின்றது. இறக்கும்போது நான்தான் மேற்பார்வை.

"சாமி, பவன்குமார் ஊட்ல புது ஃப்ரிட்ஜு இருக்குது. மேல பிளாஸ்டிக்கூட பிரிக்கல. ஒரு பச்சத்தண்ணி பாட்டிலுகூட உள்ள போவல."

ஸ்வாமி யோசித்தார். குளித்துவிட்டு வந்து யோசித்தார். சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சரி என்றார். மூன்று கட்டளைகள்: முதலில் உள்ளே துளசி தீர்த்தம் தெளிக்க வேண்டும். இது தவிர வேறெதையும் வைக்கக்கூடாது. பெருமாள் கண்டருளும் வரைக்கும் யாரும் திறக்கக்கூடாது.

"ருசி பார்க்கிறது இருக்கட்டும், மோந்துகூடப் பார்க்கப்படாது" என்று சொல்லும்போது அவர் பையனைப் பார்க்கவில்லை. என் மூக்கைப் பார்த்தார்.

பவன்குமாரைக் கேட்டதும், "தானிகேமுந்தி ஆன்ட்டி, பெட்டுகோமனண்டி!" என்றான். அதற்கென்ன, வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று அர்த்தம். வெங்கடேஸ்வர ஸ்வாமிக்குப் போகிற பொருள் தன் ஃப்ரிட்ஜில் முதலில் நுழைகிறது என்பதில் அவனுக்கு ஒரே பூரிப்பு. நன்றாகக் குளிரட்டும் என்று பட்டனை அமுக்கி, அது எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய் நிறுத்தினான். ஞாயிற்றுக்கிழமை காலை புது பைக்குக்குப் பூஜை போடக் காணிப்பாக்கம் போகிறார்களாம். சாவியை என்னிடம் கொடுத்தான். இந்தக் கட்டடத்தில் எல்லோரும் சாவியை என்னிடம்தான் கொடுப்பார்கள். வேறு வழியில்லை, கொடுக்காவிட்டாலும் எனக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்து மணிக்கே கௌஸ்துப் ஆரம்பித்துவிட்டான். மிக்ஸிக்கும் பத்து இருந்ததால் எல்லாம் கையால். துருவினான், மத்தால் கடைந்தான், துணியில் பிழிந்தான். கடமுடா இல்லை, கமகம இல்லை. லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு நின்ற எனக்கு, ஊமைப் படம் பார்க்கிற மாதிரி இருந்தது. நடுநடுவே மாமியின் குரல் மட்டும் கேட்டது: "நான் தொடல்லைடாப்பா. ஆனா அந்த இஞ்சியைத் தோல் சீவியிருக்கலாம்."

ஏழு மணிக்கு ஊர்வலம் கிளம்பியது. ஈரம் சொட்டும் மடி வேஷ்டி, தலையில் ஈரக் குடுமி மாதிரி ஒட்டிக்கொண்ட கிராப்பு, இரண்டு கையிலும் மூன்று படி கொள்ளும் வெண்கல உருளி. லிஃப்ட் பட்டனை ஊரே தொட்டிருக்கும் என்பதால் படிக்கட்டு வழியாக. முன்னால் ஸ்வாமி, "யாரும் மேலே படாதீங்கோ, ஒதுங்குங்கோ, ஜருகண்டி, ஜருகண்டி!" என்று சொல்லிக்கொண்டு போனார். இத்தனைக்கும் படிக்கட்டில் ஒரு பூனை மட்டும்தான் இருந்தது. அது ஒதுங்கியது. உருளியில் கொள்ளாத மிச்சத்தை கௌஸ்துப் புது மண்பானையில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, அடுக்களை ஜன்னலோரம் வைத்திருந்தான்.

உருளி ஃப்ரிட்ஜுக்குள் போனது. கதவு மூடியது. சாவி என் இடுப்புக்கு வந்தது.

பத்தரை மணி வரை நான் பொறுத்தேன். இதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. மூன்றரை மணி நேரம்! பிறகு எனக்கு ஒரு கவலை வந்தது. கரண்ட் போய்ப்போய் வருகிற காலம்; ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்ப்பது சாவி வைத்திருப்பவளின் பொறுப்பில்லையா? கிளம்பினேன். தற்செயலாகக் கையில் ஒரு ஸ்பூன் இருந்தது.

"ஃப்ரிட்ஜு ஓடுதான்னு பாக்க ஸ்பூனு எதுக்குடி?" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"பாத்திரம் கழுவிக்கினு இருந்தேன், அப்படியே கையோட வந்துச்சி."

ஃப்ரிட்ஜ் ஓடியது. அமர்க்களமாக ஓடியது. திறந்தபோது உள்ளேயிருந்து மார்கழி மாதம் வெளியே வந்தது. உருளியில் இளம்பச்சை நிறத்தில் கண்ணாடி மாதிரி ஒரு ஐஸ் தகடு மூடியிருந்தது. வாசனை? துளி இல்லை. இவ்வளவு பக்கத்தில் நின்று என் மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றால் அது சமையலின் குற்றமா, மூக்கின் குற்றமா? இதைத் தெரிந்துகொள்ளாமல் நான் எப்படி நிம்மதியாக இருப்பது? ஸ்பூனின் பின்புறத்தால் ஒரு தட்டு தட்டினேன். ஐஸில் எட்டணா அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. ஸ்பூன் தானாக உள்ளே போனது. அது எப்படி என் வாய்க்கு வந்தது என்று எனக்குத் தெரியாது.

குளிர்ச்சி மண்டைக்கு ஏறியது. முலாம்பழம் தெரிந்தது, மாங்காய் தெரிந்தது, இஞ்சி தொண்டையைத் தொட்டது. அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. யாரோ கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போன மாதிரி. இன்னொரு ஸ்பூன் எடுத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: உப்பே இல்லை. ஒரு கல்கூட இல்லை. வெள்ளரிக்காய் குளித்த தண்ணீர்.

அய்யோ பாவம், பையனை எட்டாவது பெண்ணும் வேண்டாமென்று சொல்லிவிடுவாளே என்றுதான் முதலில் தோன்றியது. நான் பெருமாளுக்கு உள்ளதை எச்சில் பண்ணிவிட்டேன் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. வரிசை மாறி உறைத்ததற்கும் சேர்த்து எனக்குப் பாவம் உண்டு.

முதலில் உப்பையாவது சரிசெய்வோம் என்று மாடிக்கு ஓடினேன். ஒரு கைப்பிடி கல்லுப்பை அள்ளிக்கொண்டு கீழே வந்தால், பவன்குமார் வீட்டு வாசலில் மறுபடி ஈர வேஷ்டியோடு கௌஸ்துப் நின்றுகொண்டிருந்தான்.

"ஆன்ட்டி, அவா வந்தாச்சு. சீக்கிரமே வந்துட்டா. கதவைத் திறங்கோ. கையில என்ன?"

மூடிய கையில் உப்போடு ஒரு பெண் நின்றால் அதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் சொல்ல முடியும்.

"திஷ்டி சுத்திப் போடலாம்னு வந்தேன் தம்பி. நல்ல காரியத்துக்குப் போறியே. அப்படியே கெழக்க பாத்து நில்லு."

அவன் நின்றான். மூன்று சுற்று வலம், மூன்று சுற்று இடம். சுற்றிய உப்பைச் சாக்கடையில் போட்டாக வேண்டும். போட்டேன். சூப்புக்குப் போக வேண்டிய உப்பு சலசலவென்று கரைந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உருளியை எடுத்தவன் குனிந்து பார்த்தான். "ஐஸாயிடுத்தே! இதென்ன ஆன்ட்டி, நடுவில ஒரு ஓட்டை?"

"காத்து வந்து போவ ஒரு வழி வாணாமா தம்பி?"

என்ஜினீயரிங் படித்தவன். நம்பினான்.

மேலே சித்தூர்க்காரர்கள் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா பட்டை அங்கவஸ்திரத்தால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, அங்கவஸ்திரத்தை யார் துடைப்பது என்கிற நிலைமையில் இருந்தார். அம்மா விசிறிக்கொண்டிருந்தார். ஸ்ரீப்ரியா ஃபேனை அண்ணாந்து பார்த்தாள். ஃபேன் பளபளவென்று இருந்தது. ஏழாவது பெண் புண்ணியத்தில் வாராவாரம் துடைக்கிறான்.

நான் மாமிக்கு ஒத்தாசையாக வாசற்படியில் நின்றேன்.

"மாமி, நீங்க கொஞ்சம் உதவி பண்ணினேளா?" என்று ஸ்ரீப்ரியா சிரித்துக்கொண்டே கேட்டாள். சிரிப்பு உதட்டில்தான் இருந்தது.

"ஒரு காயைக்கூடத் தொடல்லைடிம்மா. பெருமாள் சத்தியம்."

"குண்டூர் மாமியும் அப்படித்தான் சொன்னா" என்றாள் அவள். கௌஸ்துபின் முகம் மாங்காய் மாதிரி ஆனது. நானே துருவினேன் என்று காட்டக் கைகளை நீட்டினான். விரல் நுனியெல்லாம் சிராய்ப்பு. அவள் பார்த்தாள். ஆனாலும் சிராய்ப்பு துருவியதற்குத்தானே சாட்சி, ருசிக்கு இல்லையே என்கிற மாதிரி பார்த்தாள்.

ஸ்வாமி உருளியை வாங்கிக்கொண்டு பெருமாள் சன்னதிக்கு முன்னால் வைத்தார். மேலே ஒரு துளசி இலை வைத்தார். அது ஐஸில் வழுக்கிக்கொண்டு போய் நேராக என் ஓட்டையில் விழுந்தது. திரையை இழுக்கக் கையைத் தூக்கினார்.

எங்கள் மாடிப்படி ஜன்னலைத் திறந்தால் ஏழுமலையும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஊர் வம்பை ஆரம்பிக்கிறேன். இப்போதும் தெரிந்தது. மலை ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. பேசாமல் இருந்தால் கல்யாணத்துக்கு ஆபத்தில்லை. ஆனால் நான் நக்கின எச்சிலைப் பெருமாள் சாப்பிட வேண்டும். பேசினால் பெருமாள் பிழைப்பார். இந்த வீட்டு ஆசாரம் இதுதான் என்று சொல்லி சித்தூர் மாமா எழுந்து போய்விடுவார்.

திரை பாதி தூரம் வந்துவிட்டது.

"நிறுத்துங்க சாமி!" என்று கத்திவிட்டேன். "நான் துன்னு பாத்துட்டேன்!"

இந்தக் கட்டடத்தில் எல்லோருடைய சங்கதியையும் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். என்னுடைய சங்கதியை நானே சொன்னது அதுதான் முதல் தடவை. அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாவியோடு இடுப்பில் செருகியிருந்த ஸ்பூனை எடுத்து அத்தாட்சிக்குத் தூக்கிக் காட்டினேன்.

சித்தூர் மாமா அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று அதற்கு அர்த்தம். கௌஸ்துப் என்னைப் பார்த்த பார்வையில் அவனுக்கு நான் சுற்றிப்போட்ட திருஷ்டி எல்லாம் எனக்கு வந்து சேர்ந்தது.

"எப்படி இருந்தது ஆன்ட்டி?" என்று கேட்டாள் ஸ்ரீப்ரியா.

பொய் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு நாளில் ஒரு பாவத்துக்குமேல் எனக்குத் தெம்பில்லை.

"எல்லாம் நல்லாத்தான் கீது. உப்புதான் இல்ல. கொஞ்சங்கூட இல்ல."

"உப்பு போடலையாடா?" என்று மாமி அலறினார்.

"லிஸ்ட்ல இல்லம்மா!" கௌஸ்துப் ஓடிப்போய்ச் சுவரிலிருந்து காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்தான். "அப்பாதான் அடிச்சார். பாருங்கோ, சிவப்புக் கோடு. நான் லிஸ்ட்படி பண்ணினேன்."

ஸ்வாமி காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அடித்த கோடு இருந்தது. பக்கத்தில் 'கல்' என்று எழுதி, அதற்குமேல் ஃபோன் வந்திருந்தது. "கல்லுப்புன்னு எழுத வந்தேன்" என்றார் மெதுவாக.

"உப்பு போடணும்னு ஒருத்தர் எழுதி வேற குடுக்கணுமா?" என்றார் மாமி. இரண்டு பேரில் யாரைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் தலைகுனிந்தார்கள்.

ஸ்ரீப்ரியா நேராக என்னிடம் வந்தாள். "அந்த ஸ்பூனை இப்படிக் குடுங்கோ." வாங்கிக்கொண்டு போய்க் குழாயில் அலம்பினாள். சன்னதிக்கு முன்னாலிருந்த உருளியை நகர்த்தி, என் ஓட்டைக்குள்ளேயே விட்டு ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள்.

"ப்ரியா!" என்றார் அவள் அப்பா.

"பசிக்கறதுப்பா." கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். பிறகு மாமியைத் திரும்பிப் பார்த்தாள். "மாமி, மன்னிச்சுக்கோங்கோ. உங்க கை பட்டிருந்தா இப்படி உப்பில்லாம இருக்காது. சமையல் தெரிஞ்ச யாராலயும் இந்தத் தப்பைப் பண்ணவே முடியாது. இவரேதான் பண்ணியிருக்கார்." பிசிக்ஸ் பாடம் முடிந்த மாதிரி ஸ்பூனை நீட்டினாள். "ப்ரூவ்ட்."

கௌஸ்துபுக்கு இது பாராட்டா வசவா என்று புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அவன் காதெல்லாம் சிவந்தது. ஸ்வாமிக்குப் பிடிக்காத அதே தர்ப்பூசணிச் சிவப்பு.

இனி ஸ்வாமி என்னைக் கிழிக்கப் போகிறார் என்று நான் கதவோடு ஒட்டி நின்றேன். அவர் உருளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரைக்குப் பின்னாலிருந்த பெருமாளைப் பார்த்தார். மூன்று நாளாக முகத்திலிருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

"இந்த வஸ்துவை அவருக்கு எப்படிக் காட்டறதுன்னு வியாழக்கிழமையிலேர்ந்து எனக்குத் தூக்கமில்லை" என்றார். என் பக்கம் திரும்பினார். "தாட்சாயணி, உனக்குக் கோடிப் புண்ணியம். பெருமாள் தப்பிச்சார்."

"தப்பிக்கல" என்றார் மாமி. "ஜன்னலோரம் பானையில மிச்சம் இருக்கு. அதை யாரும் தொடல்லை."

சித்தூர் மாமாவின் தோளிலிருந்த அங்கவஸ்திரம் மறுபடி மடிக்கு இறங்கியது. எனக்குப் போன உயிர் வந்தது.

பானை வந்தது. கல்லுப்பு வந்தது. ருசி பார்க்கக் கூடாது, மோந்து பார்க்கக் கூடாது. அளவு எப்படித் தெரியும்? கௌஸ்துப் உப்பைக் கையில் அள்ளிக்கொண்டு அம்மாவைப் பார்க்கத் திரும்பினான். பாதி திரும்பியவன், குண்டூர்ப் பையனின் கதை ஞாபகம் வந்ததோ என்னவோ, கழுத்தை அப்படியே நிறுத்தி ஸ்ரீப்ரியாவைப் பார்த்தான்.

"என்னைப் பார்த்தா? நீங்கதானே பண்றேள். கையில வர்ற அளவைப் போடுங்கோ" என்றாள்.

போட்டான். கொஞ்சம் யோசித்து, இன்னும் நாலு கல் போட்டான். திரை மூடியது, மணி அடித்தது, திரை திறந்தது. பெருமாள் முகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அவர் எதையும் வெளியே சொல்லமாட்டார். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

முதல் கிண்ணம் சித்தூர் மாமாவுக்கு. ஒரு வாய் குடித்தார். இரண்டாவது வாய் குடித்தார். கழுத்தைத் துடைப்பதை நிறுத்தினார். "முலாம்பழம் முதல்ல வரது. அப்புறம் புளிப்பு. கடைசியில இஞ்சி கிள்ளறது. உப்பு ஒரு கல் ஜாஸ்தி. ஆனா இந்த வெய்யிலுக்கு அது வேணும்" என்று தீர்ப்புச் சொல்லிக் கிண்ணத்தை நீட்டினார். மூன்று தடவை நீட்டினார். பானை குளிர்ச்சிதான், ஆனாலும் அவர் கண் அடிக்கடி உருளியிலிருந்த ஐஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அது எச்சில், அவருக்கு ஆகாது. எங்களுக்கு ஆகும். அந்த உருளி முழுவதையும் உப்பைத் தூவித் தூவி நானும் ஸ்ரீப்ரியாவும் கௌஸ்துபும் முடித்தோம். வாசல் பக்கமாக வந்த எங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

"ஜூஸு நல்லாக்கீது" என்றார்.

"சூப்பு" என்றேன்.

"அப்போ ஸ்பூனு எங்க?"

அப்போதுதான் பார்த்தேன். ஸ்பூன் இல்லை. சித்தூர்க்காரர்கள் தாம்பூலம் மாற்றிக்கொண்டு, நாலு மணிக்கு வண்டி ஏறிவிட்டார்கள். கௌஸ்துப் வராந்தாவில் தலைவாரிக்கொண்டு ஃபோனோடு நின்றான். நான் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தேன். ஸ்பீக்கரில் அவள் குரல் கேட்டது: "ஆன்ட்டிகிட்ட சொல்லிடுங்கோ. ஸ்பூன் என் ஹேண்ட்பேக்லயே வந்துடுத்து."

ஆறு ஸ்பூன் கொண்ட செட். இப்போது ஐந்துதான் இருக்கிறது. ஆவணியில் முகூர்த்தம்; ஆறாவது அவளோடு எதிர் வீட்டுக்கு வந்துவிடும். வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ள நான் அவர்கள் வீட்டுக்குள் போயாக வேண்டும். எந்த நேரத்துக்குப் போனால் பிரயோஜனப்படும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.